போல்கா பார்ட்டி! (இசைத்தொகுப்பு)

போல்கா பார்ட்டி! என்பது அமெரிக்க நகைச்சுவைப் பாடகர் 'வியர்டு ஆல்' யாங்கோவிக் 1986 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளியிட்ட நான்காவது இசைத்தொகுப்பு ஆகும். இதில் பத்துப் பாடல்கள் உள்ளன. அவற்றுள் நான்கு, அக்காலத்துப் புகழ்பெற்ற பாடல்களின் மெட்டில் வேறு சொற்களை இட்டுப் பாடிய பகடிகள். ஐந்து, யாங்கோவிக்கே எழுதி மெட்டமைத்தவை. எஞ்சிய ஒன்று, பன்னிரண்டு பாடல்களின் துணுக்குகளைப் போல்கா தாளத்தில் கோத்த கதம்பம்.

பில்போர்டு இதழின் 200 இடங்கள் கொண்ட இசைத்தொகுப்புத் தரவரிசையில் இது எட்டிய உச்ச இடம் 177. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பாடகரின் தொகுப்பு 17 ஆம் இடம்வரை சென்றிருந்தது. ஆகவே யாங்கோவிக்கின் நெடிய இசைவாழ்வில் மிகப் பெரிய ஏமாற்றங்களுள் ஒன்றாக இத்தொகுப்பு எண்ணப்படுகிறது. தன் தொழில் இத்துடன் முடிந்துவிட்டது என்று அப்போது நினைத்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. பகடிப் பாடகர்கள் நீண்ட காலம் நிலைத்ததாக அமெரிக்க இசை வரலாற்றில் அதுவரை முன்மாதிரி அரிது.

பின்னணி

ஆல்ஃபிரட் மேத்யூ யாங்கோவிக் 1959 ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பிறந்தவர். வீடு வீடாக வந்த ஒரு விற்பனையாளர் மூலம் ஏழு வயதை ஒட்டி அக்கார்டியன் கற்கத் தொடங்கினார். கிதார் வேண்டாம், அக்கார்டியன் போதும் என்று பெற்றோர் முடிவுசெய்ததில் பெயர் ஒற்றுமைக்கும் பங்குண்டு. ஃபிராங்கி யாங்கோவிக் என்ற ஸ்லோவேனிய வழி அமெரிக்கர் 'போல்கா மன்னர்' என்று நாடறிந்த அக்கார்டியன் கலைஞர். இரு குடும்பங்களுக்கும் உறவு ஏதுமில்லை.

விந்தையான பாடல்களை மட்டுமே ஒலிபரப்பிய 'டாக்டர் டிமென்டோ' வானொலி நிகழ்ச்சிதான் யாங்கோவிக்கை உருவாக்கியது. கட்டடக்கலை மாணவராக இருந்த 1979 இல், 'த நாக்' குழுவின் 'மை ஷரோனா' பாடலை 'மை பொலோனி' என்று மாற்றி, கல்லூரி வானொலி நிலையத்திற்கு எதிரே இருந்த கழிப்பறையில் பதிவுசெய்து அனுப்பினார். ஓடு பதித்த சுவர்களின் எதிரொலிதான் அவருக்குக் கிடைத்த பதிவுக்கூட வசதி. பொலோனி என்பது ரொட்டிக்கு நடுவே வைத்து உண்ணும் மலிவான இறைச்சித் துண்டு. காதலியின் பெயர் இருந்த இடத்தில் தின்பண்டத்தின் பெயர் வந்து உட்கார்ந்தது. இந்தச் சூத்திரம் அவரை நெடுந்தொலைவு கொண்டுசென்றது.

1984 இல் வந்த 'ஈட் இட்' அவரை உலகறியச் செய்தது. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாடலில், சண்டையிலிருந்து விலகிப் போ என்ற அறிவுரை, தட்டில் உள்ளதைச் சாப்பிடு என்ற அதட்டலாக மாறியது. தனிப்பாடல் தரவரிசையில் 12 ஆம் இடத்தைப் பிடித்த இது, கிராமி விருதையும் பெற்றது. அடுத்த ஆண்டு 'டேர் டு பி ஸ்டூபிட்' தொகுப்பு வந்தது. அதில் மடோனாவின் பாடலைத் திருப்பிப்போட்ட 'லைக் எ சர்ஜன்' 47 ஆம் இடத்தையும், தொகுப்பு 50 ஆம் இடத்தையும் எட்டின. முந்தைய தொகுப்பின் உயரம் இல்லை, ஆனாலும் மோசமில்லை. இந்தச் சரிவை யாரும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

பகடிப் பாடலின் இயக்கம்

இத்தொகுப்பு ஏன் தோற்றது என்பதை விளங்கிக்கொள்ள, பகடிப் பாடல் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சாதாரணப் பாடலைக் கேட்பவர் ஒரு பாடலைக் கேட்கிறார். பகடியைக் கேட்பவர் இரண்டு பாடல்களைக் கேட்கிறார். ஒன்று காதில் ஒலிப்பது. மற்றது நினைவில் ஓடுவது. இரண்டும் ஒரே மெட்டில், ஒரே அசைக்கணக்கில், பெரும்பாலும் ஒரே எதுகையில் இணைந்தே ஓடும்போது, எங்கே விலகுகின்றன என்பதில்தான் சிரிப்பு பிறக்கிறது. நினைவில் அந்த மூலப்பாடல் இல்லாதவருக்குப் பகடி, பொருளற்ற சொற்களைக் கொண்ட வெறும் பாட்டு. அதனால்தான் யாங்கோவிக்கும் அவரது குழுவினரும் மூலத்தின் இசையைத் துல்லியமாகத் திரும்ப வாசிப்பதில் அத்தனை கவனம் செலுத்தினார்கள். முரசு வாசித்த ஜான் ஷ்வார்ட்ஸ், தாழ்சுருதிக் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஜே, கிதார் கலைஞர் ஜிம் வெஸ்ட் ஆகிய மூவரும் எந்தக் குழுவின் ஒலியையும் போலச்செய்யக் கூடியவர்கள். நகைச்சுவைத் தொகுப்புகளில் இசை பெரும்பாலும் ஒப்புக்கு இருக்கும். இவர்களிடம் அப்படியில்லை.

இதிலிருந்து ஒரு சங்கடம் எழுகிறது. பகடியின் வெற்றி, பகடி எழுதுபவர் கையில் முழுமையாக இல்லை. மூலப்பாடல் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்க வேண்டும்; பகடி வெளிவரும் நாள்வரை அங்கேயே இருக்கவும் வேண்டும். அதோடு யாங்கோவிக் ஒவ்வொரு மூல ஆசிரியரிடமும் ஒப்புதல் கேட்டே பாடுபவர். மறுத்தால் விட்டுவிடுவார். பாப் இசைக் கலைஞர் பிரின்ஸ் ஒருமுறையும் இசையவில்லை. எனவே அவரது பொருட்பட்டியலை ஒருபுறம் மக்களின் ரசனையும், மறுபுறம் பிறரது பெருந்தன்மையும் தீர்மானித்தன.

உருவாக்கம்

1983 முதல் 1986 வரை ஆண்டுக்கு ஒன்றாக நான்கு தொகுப்புகள் வந்துள்ளன. இவற்றை வெளியிட்டது ஸ்காட்டி பிரதர்ஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் ரோல் ரெக்கார்ட்ஸ். தயாரிப்பாளர் ரிக் டெரிஞ்சர். இவர் 1960களில் 'ஹேங் ஆன் ஸ்லூப்பி' பாடலால் புகழ்பெற்ற கிதார் கலைஞர். யாங்கோவிக்கின் முதல் ஆறு தொகுப்புகளும் இவர் கைவண்ணமே.

ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு என்பது சொந்தமாக எழுதும் பாடகருக்கே கடினம். பிறர் வெற்றியை நம்பி எழுதுபவருக்கு அது சூதாட்டம். அந்த ஆண்டு ஒரு பெரும் பாடல், நாடே முணுமுணுக்கும் பாடல், வந்தாக வேண்டும். 1986 இல் வெற்றிப்பாடல்களுக்குக் குறைவில்லை. ஆனால் மைக்கேல் ஜாக்சன் 1982 இல் வெளியிட்ட 'த்ரில்லர்' தொகுப்புக்குப் பின் புதிய தனித் தொகுப்பு எதையும் தரவில்லை. மடோனாவை முந்தைய தொகுப்பிலேயே தொட்டாயிற்று.

நான்கு பகடிகள்

தொகுப்பின் முதல் பாடல் 'லிவிங் வித் எ ஹெர்னியா'. மூலம், ஜேம்ஸ் பிரௌன் பாடிய 'லிவிங் இன் அமெரிக்கா'. 1985 இன் 'ராக்கி 4' திரைப்படத்தில், குத்துச்சண்டைக்கு முன் லாஸ் வேகஸ் மேடையில் ஆடம்பரமாக நிகழ்த்தப்படும் நாட்டுப்பற்றுப் பாடல் அது. தனிப்பாடல் தரவரிசையில் 4 ஆம் இடம் பெற்றது. யாங்கோவிக் அதைக் குடலிறக்க நோயாளியின் புலம்பலாக்கினார்.

இந்தப் பகடியின் நுட்பம் பலரும் கவனிக்காத ஒன்று. மூலத்தில் பிரௌன் ஓரிடத்தில் அமெரிக்க நகரங்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக முழங்குவார். பகடியில் அந்த இடத்தில் குடலிறக்கத்தின் மருத்துவ வகைகள் வரிசையாக வருகின்றன. நாட்டின் பரப்பைக் காட்டிய பட்டியல், அடிவயிற்று நோயின் பாடநூல் பட்டியலாகிறது. அதைவிட முக்கியமானது குரல். பிரௌனின் அடையாளமே அவரது முனகலும் அலறலும்தான். மூலத்தில் அவை களிப்பின் ஒலி. நோயாளியின் வாயில் அதே ஒலி வலியின் ஒலியாகிவிடுகிறது. ஒரு சொல்லும் மாற்றாமல், பாடுபவரின் நிலையை மட்டும் மாற்றிப் பொருளைத் தலைகீழாக்குவது எளிதான வேலையல்ல. 'ராக்கி 4' மேடைக்காட்சியை நையாண்டி செய்யும் இசைக் காணொளியும் இதற்கு எடுக்கப்பட்டது. ஆயினும் தனிப்பாடலாக வெளியான இது தரவரிசைக்குள் நுழையவேயில்லை.

'அடிக்டட் டு ஸ்பட்ஸ்' இன்னொரு வகை. ராபர்ட் பால்மரின் 'அடிக்டட் டு லவ்' 1986 இன் முற்பாதியில் முதலிடம் பிடித்த பாடல். காதலுக்கு அடிமையானவரை மருத்துவர் போல் நோயறிந்து சொல்லும் பாடல் அது. பகடியில் அடிமைத்தனம் உருளைக்கிழங்கின் மீது. உருளைக்கிழங்கைச் சமைக்கும் வகைகள் எல்லாம் வந்துபோகின்றன. சிரிக்கலாம், ஆனால் எங்கோ கேட்ட சிரிப்பு. பொலோனி, 'ஐ லவ் ராக்கி ரோட்' பாடலின் பனிக்கூழ், 'ஈட் இட்', ரொட்டிக்கடை வைக்கும் ராக்கி, 1985 இல் சிண்டி லாப்பரின் பாடலை மாற்றிய 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வாண்ட் டு ஹேவ் லஞ்ச்' என்று தின்பண்டப் பாடல்களின் வரிசை அதற்குள் நீண்டிருந்தது. யாங்கோவிக் என்றாலே சாப்பாட்டுப் பாட்டு என்ற எண்ணம் படிந்துவிட்டது.

இந்தப் பாடலுக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருந்தது. 'அடிக்டட் டு லவ்' பாடலின் இசைக் காணொளியை அன்று அறியாதவர் இல்லை. கறுப்பு உடையும் சிவந்த உதடுகளும் உணர்ச்சியற்ற முகமும் கொண்ட, ஒரே அச்சில் வார்த்தது போன்ற பெண்கள் இசைக்கருவிகளை வாசிப்பது போல் அசைவார்கள். பகடிக்கென்றே படைத்தது போன்ற காட்சி. 'ஈட் இட்' வெற்றியில் பாதி, ஜாக்சனின் காணொளியைக் காட்சிக்குக் காட்சி போலச்செய்ததால் கிடைத்தது. அப்படியிருந்தும் உருளைக்கிழங்குப் பாடலுக்குக் காணொளி எடுக்கப்படவில்லை. தொகுப்பில் மிக நன்கறியப்பட்ட மூலத்தைக் கொண்ட பாடல் இதுதான் என்பதை எண்ணும்போது, இது ஒரு தவறவிட்ட வாய்ப்பு.

'ஹியர்ஸ் ஜானி' பாடலின் மூலம், எல் டிபார்ஜ் 'ஷார்ட் சர்க்யூட்' திரைப்படத்திற்காகப் பாடிய 'ஹூஸ் ஜானி'. தரவரிசையில் 3 ஆம் இடம் பெற்றது. ஜானி யார் என்ற கேள்விக்கு யாங்கோவிக் தந்த விடை, ஜானி கார்சன். 1962 முதல் 'த டுநைட் ஷோ' என்ற இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். ஒவ்வோர் இரவும் அவரை மேடைக்கு அழைத்த எட் மெக்மேனின் நீட்டி முழக்கும் அழைப்பைத்தான் பாடலின் தலைப்பு நினைவூட்டுகிறது. பெயர்ப் பொருத்தம் கச்சிதம். ஆனால் அந்நிகழ்ச்சியை அறியாத நாட்டில் இப்பாடலுக்குச் சிரிக்க ஒன்றுமில்லை.

நான்காவது பகடியான 'டூத்லெஸ் பீப்பிள்' தான் தொகுப்பின் சிக்கலை வெளிச்சமிட்டுக் காட்டுவது. 1986 கோடையில் 'ரூத்லெஸ் பீப்பிள்' என்ற நகைச்சுவைத் திரைப்படம் வந்தது. டேனி டிவிட்டோவும் பெட் மிட்லரும் நடித்த அப்படம் நன்றாக ஓடியது. அதன் தலைப்புப் பாடலைப் பாடியவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர். இரக்கமற்றவர்கள் என்ற பொருள் தரும் தலைப்பில் முதலெழுத்தை மாற்றினால் பல்லில்லாதவர்கள் ஆகிவிடும். பெரிய பாடகர், வெற்றிப்படம், கைக்கு எட்டிய சிலேடை; பாடல் வெற்றிபெறும் என்று நம்பாமல் இருப்பது கடினம். யாங்கோவிக் ஒப்புதல் கேட்டார், ஜாகரும் கொடுத்தார். ஆனால் மூலப்பாடல் 51 ஆம் இடத்தோடு நின்று மறைந்துவிட்டது. கேட்டுப் பெற்ற ஒப்புதலை மதித்துப் பகடி பதிவுசெய்யப்பட்டது. மூலம் மறந்துபோன பகடி என்ற விந்தையான பொருளாக அது தொகுப்பில் அமர்ந்திருக்கிறது.

போல்கா கதம்பம்

போல்கா பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், தோன்றிய துள்ளல் நடனம். குடியேறிய போலந்து, செக், ஸ்லோவேனிய மக்களோடு அமெரிக்காவுக்கு வந்து, தொழில் நகரங்களின் திருமணக் கூடங்களில் நிலைத்தது. இளைஞர்களின் பார்வையில் அது தாத்தா பாட்டிகளின் இசை. அந்த இசையில் அன்றைய நவநாகரிகப் பாடல்களைப் பாடுவது யாங்கோவிக் 1984 முதல் செய்துவந்த வேடிக்கை. இங்கே சொற்கள் மாறுவதில்லை. வேகமும் தாளமும் மட்டுமே மாறுகின்றன. பீட்டர் கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹேமர்', ஃபில் காலின்ஸின் 'சசூடியோ', ஜேனட் ஜாக்சனின் 'நாஸ்டி', ஃபால்கோவின் 'ராக் மி அமேடியஸ்', மடோனாவின் 'பாப்பா டோன்ட் பிரீச்' உள்ளிட்ட பன்னிரண்டு பாடல்கள் சில நிமிடங்களில் மூச்சிரைக்க ஓடிமுடிகின்றன. தொகுப்பின் தலைப்பே இதிலிருந்து வந்ததுதான்.

நவநாகரிகப் பாடல்களின் பெருமிதத்தை இதைவிடச் சுருக்கமாக உரித்துக்காட்ட முடியாது. இருந்தாலும், ஒரு தொகுப்பின் முகப்பில் போல்கா என்ற சொல்லை எழுதினால், கடையில் அதைப் புரட்டும் பதினைந்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கும் என்ற கேள்வி எழாமல் இல்லை. அதே 1986 இன் தொடக்கத்தில்தான் கிராமி விருதுகளில் போல்காவுக்கென முதன்முறையாக ஒரு பிரிவு வழங்கப்பட்டது. அதை வென்றவர் அந்தப் போல்கா மன்னர் ஃபிராங்கி யாங்கோவிக்.

சொந்தப் பாடல்கள்

மூலப்பாடல் என்ற ஊன்றுகோல் இல்லாத ஐந்து பாடல்களில்தான் இத்தொகுப்பின் தரமான பகுதி இருக்கிறது. யாங்கோவிக்கின் சொந்தப் பாடல்களில் பல 'பாணிப் பகடி' என்ற வகையைச் சேர்ந்தவை. குறிப்பிட்ட பாடலைத் தொடாமல், ஒரு குழுவின் இசைப் பழக்கங்களை மட்டும் எடுத்து, அவர்கள் எழுதியிருக்கக் கூடிய புதுப்பாடல் ஒன்றை எழுதுவது. 'டாக் ஈட் டாக்' அவ்வாறு 'டாக்கிங் ஹெட்ஸ்' குழுவின் படபடப்பான பாணியில் அலுவலக வாழ்வைப் பாடுகிறது. ஓர் ஊழியர் தன் மேசையையும் கோப்புகளையும் பரவசத்தோடு வருணிக்கிறார். அந்தப் பரவசத்தின் அடியில் ஒரு பதற்றம் ஓடுகிறது.

'குட் இனஃப் ஃபார் நௌ' நாட்டுப்புறக் காதல் பாடலின் உருக்கமான நடையில், காதலியை 'இப்போதைக்குப் போதும்' என்ற அளவில் மட்டும் புகழ்கிறது. 'ஒன் ஆஃப் தோஸ் டேஸ்' அன்றாடச் சில்லறைத் தொல்லைகளையும் பேரழிவுகளையும் ஒரே சலிப்புக் குரலில் அடுக்குகிறது. 'டோன்ட் வேர் தோஸ் ஷூஸ்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசிப் பாடலான 'கிறிஸ்மஸ் அட் கிரவுண்ட் ஜீரோ' தனியே பேசத்தக்கது. கிறிஸ்மஸ் பாடல் ஒன்று வேண்டும் என்று நிறுவனம் விரும்பியது. யாங்கோவிக் கொடுத்தது, அணுகுண்டு விழும் கிறிஸ்மஸ். 1960களின் கிறிஸ்மஸ் பாடல்களில் கேட்கும் மணியோசையும் குதூகலமும் அப்படியே இருக்க, சொற்களில் எச்சரிக்கைச் சங்கும் கதிர்வீச்சும் வருகின்றன. 'கிரவுண்ட் ஜீரோ' என்பது அணுகுண்டு வெடிக்கும் புள்ளியைக் குறிக்கும் இராணுவச் சொல். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆயிரக்கணக்கான அணுவாயுதங்களைக் குவித்து வைத்திருந்த காலம் அது. மேசைக்கடியில் ஒளிந்துகொண்டால் தப்பலாம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதித்த பழைய குடிமைத் தற்காப்புப் படங்களைக் கொண்டு இதற்கான காணொளியை யாங்கோவிக்கே இயக்கினார். எதிர்பார்த்தது போல் பல வானொலி நிலையங்கள் பாடலைத் தவிர்த்தன.

எந்த மூலத்தையும் சாராத இப்பாடல், தொகுப்பின் நான்கு பகடிகளையும் விட நீண்ட ஆயுள் பெற்றது. டாக்டர் டிமென்டோ போன்ற நிகழ்ச்சிகளில் ஆண்டுதோறும் டிசம்பரில் ஒலித்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இருந்த இடத்தின் பெயராக 'கிரவுண்ட் ஜீரோ' மாறிவிட்டது. யாங்கோவிக் இப்பாடலை மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். மூலப்பாடல் மறக்கப்பட்டால் பகடி தன் பொருளை இழக்கிறது. இங்கே ஒரு சொல்லின் பொருள் மாறியதால் சிரிப்பு போய்விட்டது.

தோல்வியின் காரணங்கள்

மூலப்பாடல்கள் பழசாகிவிட்டன என்பது எளிதாகச் சொல்லக்கூடிய காரணம். 'லிவிங் இன் அமெரிக்கா' ஆண்டின் தொடக்கத்திலும், 'அடிக்டட் டு லவ்' மே மாதத்திலும், 'ஹூஸ் ஜானி' கோடையிலும் உச்சத்தைத் தொட்டன. பகடிகள் வந்ததோ அக்டோபரில். ஆனால் இந்த விளக்கம் முழுமையானதல்ல. 'பீட் இட்' 1983 வசந்தத்தில் முதலிடம் பிடித்த பாடல். 'ஈட் இட்' வந்தது 1984 பிப்ரவரியில். இடைவெளி இன்னும் அதிகம். அப்படியிருந்தும் அது வென்றது, ஏனெனில் 'த்ரில்லர்' அப்போதும் இசைத்தொகுப்புத் தரவரிசையின் முதலிடத்தில் இருந்தது. ஜாக்சனின் சிவப்பு மேலங்கியும் நடனமும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். பகடி நையாண்டி செய்தது ஒரு பாடலை மட்டுமல்ல, ஒரு காலத்தின் உருவத்தையே.

1986 இன் நான்கு மூலங்களில் மூன்று, திரைப்படங்களோடு ஒட்டி வந்தவை. படம் திரையரங்கை விட்டுப் போனதும் பாடலும் மெல்ல மங்கும். எஞ்சிய ஒன்றான பால்மரின் பாடலுக்கு மட்டும் நிலைத்த காட்சி உருவம் இருந்தது. அதற்குத்தான் காணொளி இல்லை. இசைக் காணொளி ஆட்சிசெய்த காலத்தில் இது சிறிய குறையன்று.

இன்னொரு காரணம், இத்தகைய கலைஞர்கள் மீது கேட்போர் வைக்கும் பொறுமையின் அளவு. வேடிக்கைப் பாடல் என்பதை ஒருமுறை வாங்கிச் சிரித்துவிட்டு மறந்துவிடும் பொருளாகவே சந்தை கருதிவந்தது. ஆலன் ஷெர்மன் 1962, 1963 ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று பகடித் தொகுப்புகளை முதலிடத்திற்குக் கொண்டுசென்றவர். 1966 இல் நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1973 இல், ஐம்பது வயதை எட்டாமலே இறந்தார். யாங்கோவிக்கின் தரவரிசை 17, 50, 177 என்று இறங்கியபோது ஷெர்மனின் கதையை அறிந்தவர்கள் அதே முடிவை எதிர்பார்த்திருந்தால் வியப்பில்லை.

இத்தனைக்கும் தொகுப்பு கிராமி விருதின் நகைச்சுவைப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விற்பனையை அது உயர்த்தவில்லை.

பின்னர்

1987 இல் புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மைக்கேல் ஜாக்சன் 'பேட்' தொகுப்பை வெளியிட்டார். யாங்கோவிக் 'ஃபேட்' என்று ஒரு பகடி எழுதி ஒப்புதல் கேட்டார். ஜாக்சன் ஒப்புக்கொண்டதோடு, தன் படப்பிடிப்புக்காக அமைத்திருந்த சுரங்க ரயில் நிலைய அரங்கையும் பயன்படுத்த அனுமதித்தார். 1988 ஏப்ரலில் வந்த தொகுப்பின் பெயர் 'ஈவன் வொர்ஸ்', அதாவது 'இன்னும் மோசம்'. 'பேட்' என்ற சொல்லின் அடுத்த படி அது. முந்தைய தொகுப்பு பெற்ற வரவேற்பை நினைத்தால் தலைப்பில் இன்னொரு சிரிப்பும் ஒளிந்திருக்கிறது. தொகுப்பு 27 ஆம் இடம் பெற்றது. 'ஃபேட்' காணொளி கிராமி விருது வென்றது.

சாப்பாட்டுப் பாடல்களை அவர் விட்டுவிடவில்லை. 'ஃபேட்' தின்று கொழுத்தவரின் பாட்டு. அதே தொகுப்பில் 'லசானியா' என்றே ஒரு பாடல் உண்டு. விட்டது போல்காவை. 'ஈவன் வொர்ஸ்' தொகுப்பில் போல்கா கதம்பம் இல்லை. முதல் தொகுப்பைத் தவிர்த்தால் அவரது தொகுப்புகளில் அது இடம்பெறாதது இதில் மட்டுமே. 1989 இல் அது திரும்பி வந்தது. அந்தத் தொகுப்பு அவர் நடித்த 'யுஎச்எஃப்' திரைப்படத்தோடு சேர்ந்து மீண்டும் தோல்வி கண்டது.

இதற்குப் பிறகு ஆண்டுக்கொரு தொகுப்பு என்ற வழக்கம் திரும்பவில்லை. தகுந்த மூலப்பாடல் வரும்வரை அவர் காத்திருந்தார். 1992 இல் அப்படிக் கிடைத்தது 'நிர்வாணா' குழுவின் முதல் பெரும் வெற்றிப்பாடல். ஒப்புதல் கேட்டுத் தொலைபேசியில் பேசியபோது, பகடி சாப்பாட்டைப் பற்றியதா என்று அக்குழுவின் கர்ட் கோபேன் கேட்டாராம். இல்லை, உங்கள் பாடலின் சொற்கள் யாருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றியது என்றார் யாங்கோவிக். கோபேன் இசைந்தார்.

2014 ஜூலையில் யாங்கோவிக்கின் 'மேண்டேட்டரி ஃபன்' தொகுப்பு, வெளியான முதல் வாரத்திலேயே பில்போர்டு தரவரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. 1963 இல் ஆலன் ஷெர்மனின் 'மை சன், த நட்' தொகுப்புக்குப் பின் அந்த இடத்தை எட்டிய முதல் நகைச்சுவைத் தொகுப்பு அது. எட்டு நாட்களில் எட்டு இசைக் காணொளிகள் இணையத்தில் வெளியிடப்பட்டன. அத்தொகுப்பிலும் ஒரு போல்கா கதம்பம் இருக்கிறது.